தம்பி இன்னும் குருதானா?

கடற்கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவருடைய தம்பிக்கு வயது 36. எட்டு ஆண்டுகளுக்கு முன் மறைமாவட்டக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர், அதாவது குருப்பட்டம் பெற்றவர். போன வருடம் ஆயருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியை மட்டும் அனுப்பிவிட்டுப் பங்கை விட்டு வந்துவிட்டார். இப்போது கோவையில் தனியார் நிறுவன வேலை. ஒரு பெண்ணை மணக்க விரும்புகிறார். பதிவுத் திருமணத்துக்கான படிவம் கைக்கு வந்துவிட்டது.

இதற்கு நடுவில் அவர்களுடைய அப்பா மருத்துவமனையில் இறந்துபோனார். நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. பங்குத்தந்தையின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. தம்பியே அப்பாவின் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனை வாசல் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயை மந்திரித்து, நெற்றியிலும் கைகளிலும் பூசியிருக்கிறார். அடக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர், "சாமியார் வேலையை விட்டவன் பூசின எண்ணெய் எப்படிச் செல்லும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

கேள்விகள் இன்னும் இருக்கின்றன. சகோதரியின் திருமணத்தை நடத்தியதும், அவர் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும் இதே தம்பிதான். அவையெல்லாம் என்ன ஆகும்? "பட்டத்தைப் பறித்துவிடுவார்களா?" தம்பி பிறப்பதற்கு முன்பே வேளாங்கண்ணியில் அம்மா வேண்டிக்கொண்ட நேர்ச்சை இப்போது சாபமாகத் திரும்புமா? மாமா ஒருவர் குறுக்கு வழிகள் பல சொல்கிறார். அவற்றில் ஏதாவது நடக்குமா? கடைசியாக, பட்டம் பெற்ற நாளிலிருந்து வீட்டில் எல்லாரும் 'சாமி' என்றே கூப்பிட்டவரை இனி எப்படிக் கூப்பிடுவது?

அன்புள்ள சகோதரி,

நான் ஒரு குரு, திருச்சபைச் சட்டம் படித்தவன். அதனால் ஆயர் பக்கம்தான் பேசுவேன் என்று நீங்கள் நினைக்கலாம். கடிதத்தின் ஓரிடத்தில் அந்தச் சந்தேகம் தெரிகிறது. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் ஐயமே இல்லாத பதில் இருக்கிறது.

அப்பாவுக்குக் கிடைத்த மன்னிப்பு

செல்லும். முழுமையாகச் செல்லும்.

திருச்சபைச் சட்டத்தின் 976-ஆம் விதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். சாகும் ஆபத்தில் இருக்கும் எவருக்கும் எந்தக் குருவும் பாவமன்னிப்பு அளிக்கலாம், ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம், நிறைவேற்ற அவருக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும் அது செல்லும், முறையானதும்கூட என்கிறது அந்த விதி. அதிகாரம் உள்ள இன்னொரு குரு பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான். குருநிலையிலிருந்து முறைப்படி நீக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும் 292-ஆம் விதி, 'இனி எந்த அருட்பணியும் செய்யக்கூடாது' என்று தடுத்த கையோடு இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. உங்கள் தம்பி அந்த நிலைக்குக்கூடப் போகவில்லை.

சரி, எண்ணெய்? அது பொதுவாகப் புனித வாரத்தில் ஆயர் மந்திரிக்கும் ஒலிவ எண்ணெய்தான். ஆனால் 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோயில்பூசுதல் சடங்கைத் திருத்தியபோது, தேவைக்கேற்ப வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்தார். தேங்காய் எண்ணெய் தாவர எண்ணெய்தானே. அவசர நேரத்தில், சடங்கு நடக்கும்போதே எந்தக் குருவும் அதை மந்திரித்துக்கொள்ளலாம் என்கிறது 999-ஆம் விதி. பதற்றமான அந்த இரவிலும் உங்கள் தம்பி இதை நினைவில் வைத்துச் செய்திருக்கிறார். குருமடத்தில் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உறவினரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குள் ஒரு பழைய தவறு இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையை இரண்டாகப் பிளந்ததே அதுதான். 303-இல் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராகத் தொடங்கிய கலாபனையின்போது உயிருக்குப் பயந்து மறைநூல்களை எதிரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஆயர்கள் சிலர் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த அருட்சாதனங்கள் செல்லாது, அவர்கள் கைவைத்துத் திருநிலைப்படுத்தியவர்கள் குருக்களே அல்ல என்று தொனாத்து என்ற ஆயரின் ஆதரவாளர்கள் பிரிந்துபோனார்கள். இதற்குப் பதில் சொல்லியே ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தீனின் பாதி வாழ்க்கை போனது. பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார். யூதாசு கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார் என்பது அவருடைய வாதம். அருட்சாதனத்தின் பலன் கொடுப்பவரின் யோக்கியதையைப் பொறுத்தது என்றால், எந்த ஊரில் யார் நிம்மதியாக நற்கருணை வாங்க முடியும், சொல்லுங்கள்?

உங்கள் திருமணம், குழந்தையின் திருமுழுக்கு

இரண்டும் அப்படியே இருக்கின்றன. இலத்தீன் திருச்சபையில் திருமண அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்கள்தாம். குரு அங்கே திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. உங்கள் பங்குத்தந்தையிடம் முறையான அனுமதி பெற்றே தம்பி நடத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். நாட்டுச் சட்டத்திலும் கவலையில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்டவர் தம் திருச்சபையின் முறைப்படி நடத்தும் திருமணத்தை ஏற்றுக்கொள்கிறது. அன்று பதிவேட்டில் ஏறிய திருமணம், நடத்தியவர் பிறகு என்ன முடிவெடுத்தாலும் ஆட்டம் காணாது.

ஆனால் இனிமேல் கவனமாக இருங்கள். வீட்டில் பூசை வைக்கச் சொல்லியோ, பாவசங்கீர்த்தனம் கேட்கச் சொல்லியோ தம்பியை யாரும் வற்புறுத்தக்கூடாது. அவர் வைக்கும் திருப்பலி செல்லும், ஆனால் இப்போதைய நிலையில் முறையானதல்ல. ஒப்புரவு அப்படியல்ல, அதிகாரம் திரும்பப் பெறப்பட்டிருந்தால், மரண ஆபத்து இல்லாதபோது அவர் கொடுக்கும் மன்னிப்பு செல்லவே செல்லாது.

"பட்டத்தைப் பறித்துவிடுவார்களா?"

திருநிலைப்பாடு என்றால் என்ன என்று கொஞ்சம் பேசினால்தான் இதற்குப் பதில் புரியும்.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். பாடலும் மேளமும் ஓய்ந்த ஓரிடத்தில், ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் தம்பியின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு திருநிலைப்பாட்டு மன்றாட்டைச் சொன்னார். குருத்துவம் கொடுக்கப்பட்டது அங்கேதான். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதை ஐயமற வரையறுத்தார். உடை அணிவித்தல், கைகளில் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெய் பூசுதல், கிண்ணமும் தட்டும் கொடுத்தல் எல்லாம் அதை விளக்கும் சடங்குகள். அம்மா அலமாரியில் பத்திரப்படுத்தியிருக்கும், அந்தக் கைகளைத் துடைத்த துணியும் இதன் நினைவுதான்.

அந்த நேரத்தில் ஆன்மாவில் பதிந்ததை அழியாத முத்திரை என்கிறது திருச்சபை. திருமுழுக்கை எப்படி இரண்டாம் முறை கொடுக்கவோ திரும்ப எடுக்கவோ முடியாதோ, குருத்துவமும் அப்படியே. ஒருமுறை குருவானவர் மறுபடி வெறும் பொதுநிலையினராகிவிட முடியும் என்ற கருத்தை 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் மறுத்தது. 'மெல்கிசெதேக்கின் முறைப்படி நீர் என்றென்றும் குருவே' என்ற திருப்பாடல் வரி நம் ஊர்களில் பட்டத்து அழைப்பிதழ்களில் அழகுக்காக அச்சாகிறது. அதன் முழு எடை இப்படி ஒரு நாளில்தான் நமக்குத் தெரியவருகிறது.

ஆகவே பட்டத்தை யாரும் பறிக்க முடியாது; ஆயரால் முடியாது, திருத்தந்தையாலும் முடியாது. எடுக்கக்கூடியது வேறு: அதைச் செயல்படுத்தும் உரிமை, பதவி, அந்த நிலைக்குரிய சலுகைகளும் கடமைகளும். 'குருநிலை இழத்தல்' என்று 290-ஆம் விதி பேசுவது இதைத்தான். முத்திரை இருக்கும், அருட்பணி இருக்காது.

கடிதத்தில் வேறொன்றும் என் கண்ணில் பட்டது. 'எங்களையெல்லாம் விட உயர்ந்த இடத்தில் இருந்தவன் இப்படி விழுந்துவிட்டானே' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சுக்கு நாங்களும் பொறுப்பு. புதுப்பூசை என்றால் ஊர் எல்லையிலிருந்து பேனர், பந்தல், சால்வை வரிசை, மொய். குடும்பத்துக்கே பதவி உயர்வு கிடைத்த மாதிரி ஒரு கொண்டாட்டம். அதனால்தான் ஒருவர் விலகினால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. சங்கம் சொல்வது வேறு. 1964-இல் வெளியான திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில், திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். பணிக் குருத்துவம் அதிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. ஆனால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று இருப்பவை. திருப்பலியில் 'இது என் உடல்' என்று குரு சொல்லும்போது அவர் தன் உடலைச் சொல்லவில்லை. தன் குரலை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அதில் பெருமை அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? "உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன்" என்று தம் மக்களிடம் சொன்னவர் அகுஸ்தீன். உங்களுக்காக என்ற பாதி தம்பிக்கு இப்போது நின்றுபோயிருக்கிறது. உங்களோடு என்ற பாதி நிற்கவில்லை.

அம்மாவின் நேர்ச்சை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது 1193-ஆம் விதி. பிறக்காத பிள்ளையின் வாழ்க்கையை யாரும் நேர்ந்துவிட முடியாது. அம்மா வேண்டியது ஓர் ஆசை, ஒரு செபம். அதற்கு மாதாவிடமிருந்து சாபம் எதுவும் வராது.

இதன் மறுபக்கத்தையும் நீங்கள் தொட்டிருக்கிறீர்கள்: "அம்மாவின் நேர்ச்சைக்காகப் போனவன், அப்படியானால் பட்டமே செல்லாது என்று சொல்லலாமா?" முடியாது என்றே நினைக்கிறேன். குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு முன்னும் குருப்பட்டத்துக்கு முன்னும், முழு மனதோடு கேட்கிறேன் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். குடும்பத்தின் எதிர்பார்ப்பு ஒரு பாரம்தான். குருநிலையிலிருந்து விடுவிக்கக் கேட்டு எழுதும் விதிவிலக்கு மனுவில் அதை விரிவாக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் திருநிலைப்பாடே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லும் வழக்கு வேறு, மிக அரிது.

மாமா சொல்லும் குறுக்கு வழிகள்

கேரளத்தில் கிழக்கு மரபு வழிபாட்டைப் பின்பற்றும் கத்தோலிக்கக் கீழைத் திருச்சபைக்கு மாறினால் கல்யாணம் செய்துகொண்டே சாமியாராக இருக்கலாம் என்கிறாராம். கீழைத் திருச்சபைகள் சிலவற்றில் மணமானவர்கள் குருவாகத் திருநிலைப்படுத்தப்படுவது உண்மை. ஆனால் குருவானவர் பிறகு மணம் முடிப்பது கீழையிலும் இல்லை, மேலையிலும் இல்லை. எது முன்னால் நடந்தது என்பதுதான் கணக்கு. மும்பை போன்ற மறைமாவட்டங்களில் இருக்கும் மணமான நிரந்தரத் திருத்தொண்டர்களும் திருமணத்துக்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள்தாம். மனைவி இறந்தால் அவர்களும் மறுமணம் செய்ய முடியாது.

தூரத்து மறைமாவட்டத்தில் தெரிந்த சாமியாரை வைத்துக் கோயிலிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. தம்பியின் திருமுழுக்குப் பதிவேட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒருவர் திருநிலைப்பாடு பெற்றதும், திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே அது குறிக்கப்படும். திருமணத்துக்காகச் சான்றிதழ் எடுத்தால் அந்தக் குறிப்பும் சேர்ந்து வரும். மறைத்து நடத்தினாலும், 1087-ஆம் விதிப்படி அது திருமணமே ஆகாது.

வேறு சபைக்குப் போய்ப் போதகராகிவிடலாம் என்ற மூன்றாவது யோசனையைத் தம்பியே மறுத்துவிட்டார் என்கிறீர்கள். நல்லது. விசுவாசம் மாறாதவர் பிழைப்புக்காகச் சபை மாறுவது இரண்டு சபைகளுக்கும் மரியாதை இல்லை.

தம்பி முன்னால் உண்மையில் இருப்பவை

திரும்பி வருவது இன்னும் சாத்தியம். பதிவுத் திருமணம் நடக்காதவரை அது பெரும்பாலும் ஆயர் கையில் இருக்கும் விஷயம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அவர் மனம் அந்தத் திசையில் இல்லை. அம்மா அழுகிறார் என்பதற்காகத் திரும்பி வரும் குருவைப் பங்கு மக்களுக்குக் கொடுக்க நான் ஆசைப்பட மாட்டேன்.

அடுத்தது, குருநிலையிலிருந்தும் மணத்துறவுக் கடமையிலிருந்தும் விதிவிலக்குக் கேட்டுத் திருத்தந்தைக்கு மனு எழுதுவது. இரண்டும் தனித்தனி. குருநிலை போனாலே மணத்துறவுக் கடமையும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். 291-ஆம் விதி அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கடமையிலிருந்து விடுவிப்பவர் திருத்தந்தை மட்டுமே. மனு ஆயர் வழியாகப் போகும்: தம்பியின் வாழ்க்கை வரலாறு, காரணங்கள், குருமடக் கோப்புகள், உடன் படித்தவர்கள், பயிற்றுநர்கள், குடும்பத்தாரின் சாட்சியங்கள், ஆயரின் கருத்து எல்லாம் சேர்ந்து உரோமையில் குருக்களுக்கான திருப்பீடத் துறைக்கு அனுப்பப்படும். இது உரிமை இல்லை, சலுகை. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மனுக்களை உரோமை எளிதில் ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும், சிலருக்கு வருடக்கணக்கிலும். கிடைத்துவிட்டால் அவர் கோயிலில் முறைப்படி மணக்கலாம், ஆடம்பரம் இல்லாமல். நற்கருணை வாங்கலாம். பூசை வைக்கவோ, மறையுரை ஆற்றவோ, குருமடத்தில் பாடம் எடுக்கவோ முடியாது. பிறகு மனம் மாறினாலும் திருப்பீடத்தின் அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது.

மூன்றாவது, கையில் இருக்கும் படிவம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து 30 நாள் கழித்து அவர் மணக்கலாம். குருவாக இருந்தவர் என்பது அரசுக்குத் தடையில்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா உரிமையும் உண்டு. திருச்சபையின் கண்ணில் அது திருமணம் ஆகாது. அந்த நாளிலேயே, தனித் தீர்ப்பு எதுவும் இல்லாமல், வகிக்கும் எந்தப் பதவியும் போய்விடும். பணித்தடை, அதாவது அருட்பணி செய்யக்கூடாது என்ற தண்டனை, தானாக விழும். நற்கருணை வாங்க முடியாது. பின்னால் விதிவிலக்குக் கிடைத்தால் இதைச் சரிசெய்யலாம். அப்படிச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக வாழும் குடும்பங்கள் உண்டு. இருந்தாலும் மனுவை முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கப் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நாற்பதைத் தொடும்வரை இழுக்கலாம் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 'மயக்கிவிட்டாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 36 வயது ஆண், பத்தாண்டுக்கு மேல் குருமடப் பயிற்சி பெற்றவர், தன் முடிவைத் தானே எடுத்திருக்கிறார். பழியைத் தூக்கி அவள்மேல் போடாதீர்கள். அந்தப் பெண் தம்பியிடம் ஆலோசனைக்கோ ஒப்புரவுக்கோ வந்தவராக இருந்தால், கேட்கப்பட வேண்டிய கேள்வி தம்பியிடம்தான். ஆயரிடம் அதைத் தம்பி மறைக்கக்கூடாது. அந்தப் பெண்ணும் தனியாக ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வழி இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வாட்ஸ்அப் செய்தி ராஜினாமாக் கடிதம் ஆகாது. தம்பி ஆயருக்கு முறையாக ஒரு கடிதம் எழுதி, நேரில் பார்க்க நேரம் கேட்கட்டும். அதில் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும். ஒரு நகலை வைத்துக்கொள்ளட்டும். தனியாகப் போகத் தயங்கினால், நம்பும் மூத்த குரு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். கையில் காசில்லாமல் வெளியே வந்தவர் என்கிறீர்கள். குருமடச் சான்றிதழ்கள் வெளியே எல்லா இடத்திலும் வேலைக்கு எடுபடுவதில்லை. இடைக்கால உதவி பற்றியும் ஆயரிடம் கூச்சப்படாமல் கேட்கட்டும். மறைமாவட்டக் குருவுக்குத் துறவிகளைப் போல ஏழ்மை வாக்குறுதி கிடையாது. ஆகவே அப்பாவின் சொத்தில் அவர் பங்கு அவருக்கே. 'சாமியாருக்குப் பங்கு எதற்கு' என்று மாமா பேசினால் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பட்டத்தன்று கைகளைத் துடைத்த அந்தத் துணியை அம்மா கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது நடந்த ஒன்றின் நினைவு, நடந்தது பொய்யாகிவிடவில்லை.

பிறகு, எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். வீட்டுக்குள் 'சாமி' என்ற வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை. நீங்கள் அவருக்கு அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பழைய மாதிரி 'டேய்' என்றும் கூப்பிடலாம். அம்மாவுக்குச் 'சாமி' என்றுதான் வாயில் வருகிறது என்றால் அவரைத் திருத்த வேண்டாம். மனு வேலை தொடங்கினால், உங்கள் சாட்சியத்தையும் கேட்பார்கள். இப்போதே உட்கார்ந்து, தம்பி குருமடத்துக்குப் போன வருடத்திலிருந்து உங்களுக்கு நினைவிருப்பதைத் தேதிவாரியாக எழுதி வையுங்கள்.